நாற்பத்தொன்றாம் மரம்

காட்டு இலாகாவின் பயிற்சி வகுப்பில் உங்கள் நால்வருக்கும் இடம் கிடைத்துவிட்டதாகக் கடிதம் வந்தது. நால்வரில் ஒருவன் நான் பெற்ற மகன். மற்ற மூவரும் என் வீட்டில் சோறு தின்று வளர்ந்தவர்கள், ஆகையால் எனக்கு வித்தியாசம் இல்லை. "அப்பா, அங்கே என்னென்ன கேட்பார்கள், எதற்கெல்லாம் தயாராகப் போக வேண்டும்? விவரமாக எழுதுங்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் நாலாவது வரை படித்தவன். அப்புறம் ஈப்போவில் மூன்று வருஷம் இங்கிலீஷ் பள்ளிக்கூடம். அவ்வளவுதான். எனக்கு வருகிற தமிழில் எழுதுகிறேன்.

கேட்பது என்னென்ன என்பது நோட்டீசிலேயே அச்சாகியிருக்கும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் நான் போனபோதும் அப்படித்தான். காவலராக இரண்டு வருஷ வேலை, மேலதிகாரி கையெழுத்துப் போட்ட சிபாரிசுக் கடிதம், மலாய்ப் பேச்சு, ஒரே நாளில் மலை ஏறி இறங்கும் நடை, தினக்குறிப்பு, கடைசியாக மரப் புத்தகம். இதையெல்லாம் எப்படிச் செய்வது என்று உங்களுக்கு அங்கே சொல்லிக்கொடுப்பார்கள். அச்சில் இல்லாமல் எதிர்பார்ப்பது ஒன்று இருக்கிறது. அதை நான் தவறவிட்ட கதையைத்தான் எழுதப்போகிறேன். உங்கள் அம்மாவுக்குக்கூட இதை நான் முழுதாகச் சொன்னதில்லை.

முதலில் ஒரு சின்ன விஷயம். நான் தைப்பிங் பக்கத்துக் காட்டில் காவலராக இருந்தபோது மழையென்றால் மழை, விடாத மழை. என் தினக்குறிப்பில் ஒன்பது நாள் தொடர்ந்து "மழை. வேலை இல்லை" என்று எழுதிக் கொடுத்தேன். எங்கள் வெள்ளைக்காரத் துரை அதைப் படித்துவிட்டு மலாயில் கேட்டார்: "மழை பெய்தால் காடு கடையை மூடிவிடுமா? எந்த ஆறு ஏறியது? எந்தப் பாதை சரிந்தது? விழுந்த மரம் எது?" பக்கத்தில் நின்ற அங்கமுத்து தமிழில் முணுமுணுத்தான். "துரைக்குத் தெரியாதுலா. அது ஒம்போது நாளும் போர்வைக்குள்ள பேஞ்ச மழை."

இந்த அங்கமுத்துவைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

அவனும் என்னைப்போல் ஈப்போ பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். என்னைவிட ஒரு வயது பெரியவன், ஆனால் நாங்கள் வாடா போடாதான். புதுத் தோட்டத்துக்காகக் காடு அழிக்கும் கூட்டத்தில் இரண்டு வருஷம் கோடாரி பிடித்திருந்தான். அப்புறம் காவலராக வந்தான். எழுத்து அவனுக்குச் சிரமம். ஒவ்வொரு எழுத்தையும் முளை அடிப்பதுபோல் அழுத்தி எழுதுவான். வகுப்புக்குப் புறப்படும்போது அவன் மனைவிக்கு ஐந்தாம் மாதம். "எம் பிள்ள காலைல பெரட்டுக்குப் போயி வரிசையில நிக்கக்கூடாது கோவிந்து, அவ்வளவுதான் எனக்கு" என்று ரயிலில் சொன்னான். தோட்டத்தில் விடியுமுன் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடுவதைத்தான் பெரட்டு என்போம். வகுப்பில் தேறினால் காட்டு அதிகாரி வேலை கிடைக்கும், வீடு கிடைக்கும், பிள்ளைக்கு டவுனில் பள்ளிக்கூடமும் கிடைக்கும். தேறாவிட்டால் காவலர் வேலையும் கையில் இல்லை. எங்கள் இடத்துக்கு வேறு ஆள் போட்டுவிட்டார்கள்.

வகுப்பின் கடைசி மூன்று மாதம் காட்டில் முகாம். ஈப்போவுக்கும் தைப்பிங்குக்கும் நடுவே ஒரு சின்ன ரயில் நிலையத்தில் இறங்கி அரை மணி நேரம் நடந்தால் எங்கள் அத்தாப்பு ஓலைக் கொட்டகை. அங்கேயிருந்து ரயில் தெரியாது. ஆனால் புறப்படும்போது ஊதுவது நன்றாகக் கேட்கும். எங்களுக்கு அதுதான் கடிகாரம்.

இரண்டிரண்டு பேருக்கு ஒரு துண்டுக் காடு அளந்து விட்டார்கள். எனக்கும் அங்கமுத்துவுக்கும் ஒரே துண்டு. அதில் நிற்கும் அறுபது மரத்துக்கும் இலக்கம் அடித்திருக்கும். ஒவ்வொருவரும் தனித்தனியாகப் போய், மரத்தை வெட்டிப் பார்த்து, பெயர் கண்டுபிடித்து, தனித்தனிப் புத்தகத்தில் எழுத வேண்டும். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு வரி அச்சடித்திருக்கும், "நானே வெட்டிப் பார்த்து எழுதியது" என்று. அதன் கீழே கையெழுத்து.

ஒரே ஒரு மரத்தைப் பார்த்து வளர்ந்த எங்களைப் போன்றவர்களுக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று நினைத்துப் பாருங்கள். தோட்டத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் பால்மரம், அதுவும் கோடு போட்டது போல வரிசையாக. காட்டில் அறுபது மரத்துக்கு நாற்பது ஜாதி. இலையெல்லாம் நூறடி உயரத்தில். கீழே நிற்பவனுக்குப் பட்டைதான் முகம். பாராங் கத்தியால் ஒரு சாண் அகலத்துக்கு உள்மரம் தெரியும்வரை ஆழமாக வெட்ட வேண்டும். உள்பட்டை என்ன நிறம், மரம் என்ன நிறம், வாசம் என்ன, பால் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு ஒரு சுருட்டுப் பிடிக்கும் நேரம் அங்கேயே நின்று, கசிந்தது நிறம் மாறுகிறதா என்று மறுபடி பார்க்க வேண்டும்.

என் கை ஆழமாக வெட்ட மறுத்தது. எட்டு வயதில் அப்பாவோடு பால்மர நிரைக்கு வெட்டப் போனவன் நான். "பட்டையைச் சீவு, மரத்தத் தொடாத. காயம் பட்டா மண்டோர் தோலை உரிச்சுருவாரு" என்று கங்காணியைச் சொல்லி அப்பா மிரட்டுவதைக் கேட்டுக் கேட்டு என் மணிக்கட்டே அப்படிப் பழகிவிட்டது. காட்டிலும் சாய்வாக, மெலிசாக, அழகாகச் சீவுவேன். அங்கமுத்து பார்த்துச் சிரிப்பான்.

"என்னாடா, பால் எடுக்க வந்தியா? கோப்பை கட்டலியா?"

"நீ வெட்டுனா மரமே செத்துப்போவும்டா."

"சாவட்டும்லா. செத்தாலும் பேரச் சொல்லிட்டுச் சாவும்."

மரங்களில் ஒன்று ரெங்காஸ். அதன் பால் கசியும்போது தண்ணீர் மாதிரி இருந்து, கொஞ்ச நேரத்தில் மை போலக் கறுக்கும். தோலில் பட்டால் கொப்புளம். கண்ணில் பட்டால் கண்ணுக்கே ஆபத்து. ஆகையால் ரெங்காஸைக் கண்டால் புத்தகத்தில் எழுதுவதோடு நிற்கக்கூடாது. மரத்திலும் சிவப்புச் சாயத்தில் பெருக்கல் குறி போட வேண்டும், கோடாரிக்காரர்கள் ஒதுங்கிப் போவதற்காக. வெளித்தோற்றத்தில் அதே சிவந்த செதில் பட்டையோடு கெலாட் என்று ஒரு மரம் உண்டு. அது விறகுக்கு நல்ல மரம், யாரையும் ஒன்றும் செய்யாது.

புத்தகம் கொடுக்கக் கெடு நெருங்கியபோது எனக்கு இருபத்தைந்து மரம் பாக்கி. கடும் மழை. ஒரே பகலில் முடித்துவிட வேண்டும் என்று ஓடினேன். சீவினேன், முகர்ந்தேன், எழுதினேன், அடுத்த மரத்துக்குப் போனேன். எதன் முன்னாலும் நிற்கவில்லை. நாற்பத்தொன்றாம் மரத்துக்கு "கெலாட்" என்று எழுதிய ஞாபகம்கூட எனக்கு இல்லை.

மறுநாள் அங்கமுத்துவுக்குக் குளிர்காய்ச்சல். இரண்டு சாக்கைப் போர்த்திக்கொண்டு பல் கிட்டிக் கிடந்தான். அவனுக்கும் அதே இருபத்தைந்து மரம் பாக்கி, கடைசி இரண்டு பக்கம். நடுப்பகல் வண்டி ஊதியதும் எழுந்து பாராங்கைத் தேடினான்.

"எங்கடா எந்திரிக்கிற?"

"ரெண்டு பக்கம் இருக்குல்ல. போய்ட்டுச் சாயந்தரம் வந்துருவேன்."

"நிக்க முடியல, நீ மரம் வெட்டப் போறியா? இந்தா, என் புத்தகத்தப் பாத்து எழுதிக்க. அதே மரந்தான."

"கையெழுத்து?"

"போடு."

"பாக்காத மரத்துக்கு எப்படிடா பாத்தேன்னு போடுறது?"

"நான் பாத்தா நீ பாத்த மாதிரிதான்லா."

அவன் சாக்கை இழுத்துப் போர்த்திக்கொண்டு என்னையே பார்த்தான். "ஆழமா வெட்டுனியா கோவிந்து? இல்ல, உன் பால்மரத்து வெட்டா?"

"ஆழமாத்தான்டா" என்றேன்.

பிள்ளைகளே, நண்பன் மேல் இருந்த பாசத்தால்தான் புத்தகத்தை நீட்டினேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாசம் இருந்தது, பொய் இல்லை. ஆனால் இன்னொன்றும் இருந்தது. அவன் போனால் என் சீவலையெல்லாம் பார்ப்பான், பார்த்தால் சிரிப்பான், அப்புறம் எல்லாவற்றையும் மறுபடி வெட்டச் சொல்லுவான். அவனைப் போகவிடக் கூடாது என்பதும் என் மனசில் இருந்தது. அன்று அரை மணி நேரம் வாதாடித்தான் அவனை எழுத வைத்தேன். முளை அடித்து அடித்து எழுதினான். கையெழுத்துப் போடும்போது மட்டும் என்னைப் பார்க்கவில்லை.

ஐந்து நாள் கழித்து அடுத்த சோதனை. அவரவர் புத்தகத்திலிருந்து விறகு மரம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, கூட வரும் கோடாரிக்காரரைக் கொண்டு வெட்டிச் சாய்த்து, எவ்வளவு கட்டை தேறும் என்று அளந்து சொல்ல வேண்டும். அங்கமுத்துவுக்குக் காய்ச்சல் விட்டிருந்தாலும் காலில் தெம்பு இல்லை. பாதை ஓரத்தில் நின்ற கெலாட் எது என்று புத்தகத்தில் பார்த்தான். நாற்பத்தொன்று.

நான் கொஞ்சம் தள்ளி என் மரத்தை அளந்துகொண்டிருந்தேன். மரம் விழுந்த சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் போயிருக்கும். சமாட் கத்துவது கேட்டது. சமாட் எங்களுக்குத் துணையாக முகாமில் இருந்த மலாய்க்காரக் காவலர்.

"ரெங்காஸ்! ரெங்காஸ்! ஜாங்கான் பெகாங்!"

தொடாதே என்கிறார். ஓடினேன். வெட்டுப்பட்ட அடிமரத்தைச் சுற்றி வளையமாகக் கறுத்திருந்தது. கோடாரிக்காரரின் முழங்கை வரை கறுப்புப் புள்ளி. அங்கமுத்து அளவு நாடாவோடு கட்டையின் மேல் குனிந்திருந்தான். வேர்வையைத் துடைத்த கையின் கறுப்பு நெற்றியிலும் கன்னத்திலும் இழுபட்டிருந்தது. சமாட் அவனை இழுத்துக்கொண்டு ஆற்றுக்கு ஓடினார். ஓடிக்கொண்டே திட்டினார்: "யார் இதைக் கெலாட் என்று சொன்னது? குருடா அவன்?"

அப்போதுதான் கட்டையின் பக்கவாட்டில் என் வெட்டைப் பார்த்தேன். சாய்வாக, மெலிசாக, தோட்டத்து வெட்டு. அதன் கீழ் ஓரத்தில் ஒரு கறுப்புக் கோடு வழிந்து காய்ந்திருந்தது. நான் நிற்காமல் போன பிறகு அந்த மரம் தன் பெயரைத் தானே எழுதி வைத்திருக்கிறது. அதற்கு முன்னால் போய் அதை மறைத்துக்கொண்டு நின்றேன். மற்றவர்கள் எல்லாரும் போகும்வரை அங்கேயே நின்றேன்.

மறுநாள் காலை அங்கமுத்துவின் முகம் முகமாக இல்லை. கண் இரண்டும் மூடிப் பூசணிக்காய்போல் வீங்கியிருந்தது. கோடாரிக்காரருக்கு இரண்டு கையிலும் கொப்புளம். மூன்றாம் நாள் அவன் கண் கீறலாகத் திறந்ததும் வகுப்பை நடத்திய துரை எங்கள் இருவரையும் கூப்பிட்டார். பலகை மேசையில் இரண்டு புத்தகமும் திறந்து கிடந்தன.

துரை மலாயில்தான் கேட்டார். நாங்களும் மலாயில், துவான், அதாவது ஐயா, என்றுதான் பதில் சொல்வோம். "நாற்பத்தொன்று, இரண்டிலும் கெலாட். இரண்டு பேர் தனித்தனியாக வெட்டிப் பார்த்து ஒரே பிழையா?"

அங்கமுத்து உடனே சொன்னான். "இல்லை துவான். எனக்குக் காய்ச்சல். கடைசி இரண்டு பக்கம் நான் வெட்டவில்லை. இவன் புத்தகத்தைப் பார்த்து எழுதினேன்."

துரை என் பக்கம் திரும்பினார். "நீ கொடுத்தாயா, அவன் கேட்டானா?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு இருந்தது ஒரு மூச்சு நேரம். நெருக்கடியில் ஒருவன் என்ன செய்வான் என்பதை நெருக்கடி வந்து தீர்மானிப்பதில்லை. அதற்கு முன்னாலேயே அவன் கை எப்படிப் பழகியிருக்கிறதோ அப்படித்தான் செய்வான். என் கை மேலாகச் சீவிப் பழகிய கை.

"கேட்டான் துவான்" என்றேன்.

"நீ வெட்டிப் பார்த்தாயா?"

"பார்த்தேன்."

"காத்திருந்து பார்த்தாயா?"

"மழை துவான். மழையில் கழுவிக்கொண்டு போயிருக்கும்."

துரை தலையை ஆட்டினார். மரத்தைத் தவறாகச் சொல்வது மாணவன் செய்கிற பிழை, பார்க்காததைப் பார்த்தேன் என்று கையெழுத்துப் போடுவது வேறு என்றார். எனக்கு எச்சரிக்கை. அங்கமுத்துவுக்கு வகுப்பு முடிந்தது. அவன் வாயைத் திறக்கவில்லை. வீங்கிய கண்ணால் என்னைப் பார்த்தானா, தரையைப் பார்த்தானா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

அடுத்த நாள் விடிந்ததும் தகரப் பெட்டியைத் தூக்கினான்.

"ஸ்டேஷன் வரைக்கும் வாரியா?"

"புத்தகத்தத் திருத்தித் தரச் சொல்லிருக்காருடா."

"அதுவும் சரிதான்" என்றான். "ஆழமா வெட்டிப் பாரு."

அன்று முழுவதும் துரை முகாமிலேயே இருந்தார். அவர் மேசைக்கும் எனக்கும் இருபது அடி. காலை வண்டி ஊதியது. போய்விட்டான் என்று நினைத்துக்கொண்டேன். என் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியதை நான் உங்களிடம் மறைக்கக் கூடாது. இனிமேல் சொல்லி என்ன ஆகப்போகிறது, ஆள்தான் போய்விட்டானே என்று பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்தேன்.

வகுப்பில் தேறினேன். அதிகாரியானேன். நீங்கள் பார்த்த வீடு, நீங்கள் படித்த பள்ளிக்கூடம் எல்லாம் அதிலிருந்து வந்ததுதான். வேலையில் நான் பெயர் எடுத்தவன். எனக்குக் கீழே வந்தவர்கள், "இவர் ஒரு மரத்துக்கு முன்னால் அரை மணி நேரம் நிற்பார்" என்று கேலி செய்வார்கள். ஏன் நிற்கிறேன் என்று யாருக்கும் தெரியாது.

பதினைந்து வருஷம் கழித்து, காட்டை ஒட்டிய ஒரு தோட்டத்தின் எல்லையைப் பார்க்கப் போனேன். எல்லை ஓரத்து நிரையில் ஒருவன் பால்வாளியை இறக்கி வைத்துவிட்டுக் கையைத் துடைத்தான். நெற்றியிலிருந்து கன்னம் வரை பழைய தழும்பு. முதலில் அவன்தான் சிரித்தான்.

"என்னாடா கோவிந்து, தொப்பியெல்லாம் வச்சிருக்க. நான் துரைன்னு பயந்துட்டேன்."

பால்மரத்தடியில் உட்கார்ந்தோம். வெற்றிலை மடித்துக் கொடுத்தான். எவ்வளவோ பேசினான். நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

"பிள்ளைங்க?"

"மூத்தவ புல்லு வெட்டுற கூட்டத்துல இருக்கா. காலைல பெரட்டுக்கு எனக்கு முன்னாடி போய் நிப்பா. சுறுசுறுப்பு."

அதற்கு மேல் என்னால் வாயை அடக்க முடியவில்லை. "அன்னைக்கு நான் ஆழமா வெட்டலடா. நின்னும் பாக்கல. நீ என்கிட்ட கேக்கவும் இல்ல. நான்தான் உன்னை எழுத வச்சேன். துரைகிட்ட மாத்திச் சொல்லிட்டேன்" என்றேன்.

அவன் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே இருந்தான். "அத இப்பச் சொல்லணுமா? நாடா பிடிச்சு அளந்தவன் நான். கட்டையில உன் வெட்டு எங்கண்ணு முன்னாடியே இருந்துச்சு. நீ வந்து அத மறைச்சுக்கிட்டு நின்னியே, சமாட் என்னை இழுத்துட்டு ஓடுறப்பத் திரும்பி அதயும் பாத்தேன்."

"அப்ப துரைகிட்ட ஏன்டா சொல்லல? ஒரு வார்த்த சொன்னா அவரே போயி அந்தக் கட்டையப் பாத்திருப்பாரே."

"சொன்னா? கையெழுத்து என்னுதுதான. அது பொய்தான. எனக்கு ஒண்ணும் மாறாது, நீயும் பெட்டியத் தூக்கியிருப்ப." எட்ட நின்ற மரத்தைப் பார்த்துக்கொண்டு துப்பினான். "ஆனா நீயாப் போயிச் சொல்லுவேன்னு நினைச்சேன் கோவிந்து. நான்தான் அவன எழுத வச்சேன்னு நீ சொன்னா, துரை இன்னொரு தடவ விசாரிப்பாருன்னு ஒரு ஆச. அதான் காலை வண்டிய விட்டுட்டேன். மத்தியான வண்டியும் வந்துச்சு. இன்னும் கொஞ்சம் பாப்போம், ஓடியாருவான்னு பெட்டி மேலயே உக்காந்திருந்தேன். சாயந்தரம் வந்ததுல ஏறிட்டேன். அதுக்கப்புறம் வண்டி இல்லல்ல."

வாளியைத் தூக்கிக்கொண்டு எழுந்தான். பால் கட்டிவிடும் என்றான்.

அவன் மகளின் படிப்புக்கோ வேலைக்கோ எதுவும் செய்ய என்னை அவன் விடவில்லை. "வேணாம்டா, நல்லாருக்கோம்" என்றான். போன வருஷம் இறந்துவிட்டான் என்று கேள்விப்பட்டேன்.

உங்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். மரம் தெரியாவிட்டால் அந்த வரியில் "தெரியவில்லை" என்று எழுதுங்கள். அதற்காக உங்களை யாரும் வீட்டுக்கு அனுப்பமாட்டார்கள். என் மரப் புத்தகத்தை இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன். நாற்பத்தொன்றாம் வரியை நான் திருத்தியிருக்கிறேன், பாருங்கள். அங்கே எல்லாம் சரியாகத்தான் இருக்கும்.

அன்று காலை வண்டி ஊதியது எனக்குக் கேட்டது என்று எழுதினேன் அல்லவா? மத்தியான வண்டி ஊதியதும் கேட்டது. சாயங்கால வண்டியும் கேட்டது.